பாலத்தைக் காணோம்

அரிமளம் பஸ்ஸில் பாலத்தடியில் ஒருவர் ஏறினார். இடம் பிடித்து வைத்திருந்த மனைவியிடம் செல்போனைக் காட்டினார். கூட்டாளிகளுக்குள் பாலங்களைப் படமெடுக்கும் போட்டியாம்.

“என்னங்க, பாலத்தையே காணோம்?”

“கொள்ளுச் செடிக்கு அடியில இருக்கு. பஸ்ஸு மிதிச்சு உதிரட்டும்னு பரப்பி வச்சிருக்காங்க.”

“அள்ளச் சொல்றதுதான?”

“சொன்னேன். அடுத்த பஸ்ஸு மிதிச்சதும் அள்ளிர்றோம், அப்பறம் எடுங்கன்னாங்க.”

“எடுக்க வேண்டியதுதான?”

“அந்த பஸ்ஸுலதான ஏறிட்டேன்.”

அந்த அம்மா சிரித்து முடிக்க நேரமானது.

“எங்க அண்ணன் நேத்தே அனுப்பிருச்சு.”

“இன்னிக்குத்தான் கடைசி. போகட்டும், ஒங்க அண்ணனே ஜெயிக்கட்டும்.”

“ஜெயிச்சா வருசம் பூரா அது பேசுறத யாரு கேக்குறது? கண்டக்டரே, நிப்பாட்டுங்க! எங்க வீட்டுக்காரரு எறங்கணும்.”