பாக்கியவதி அம்மையார் சொல்லாத பெயர்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் ஐயம்பெருமாள் அண்ணாச்சி அவர்களே, ஏரலிலிருந்தும் அக்கரை ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, இந்த முதியோர் இல்லத்தையே வீடாகக் கொண்ட என் தாய்மார்களே, வணக்கம்.

நம் செவிலியர் பாக்கியவதி அம்மையார் மறைந்து இன்று பதினாறாம் நாள். மறைந்தார் என்று வாய் சொல்லுகிறது; மனம் நம்பவில்லையே! நேற்றுப் பகலில் கண்ணயர்ந்தேன். ஆற்று மணல் முழுக்க வெள்ளைத் துண்டுகள் காய்கின்றன. அம்மையார் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபடி நடக்கிறார். தண்ணீருக்குச் சத்தமே இல்லை. கூப்பிடுகிறேன், திரும்பவில்லை. விழித்து வெகுநேரம் சோப்பு வாசம் என்னைவிட்டுப் போகவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஐப்பசி உங்களுக்கு நினைவிருக்கும். மழை விடவே இல்லை, துணி காயவே இல்லை. இல்லத்துக்குள் படர்தாமரை புகுந்தது. இடுப்பில், அக்குளில், தொடையிடுக்கில் வட்டம் வட்டமாய்ச் சிவந்து, இருபத்துநான்கு பேரில் பத்தொன்பது பேர் சொறிந்துகொண்டு கிடந்தார்கள். யார் கொண்டுவந்தது? எல்லார் விரலும் ஒருவரை நோக்கி நீண்டது. கடற்கரை ஊரிலிருந்து பத்து நாள் முன்புதான் வந்து சேர்ந்த ஞானசௌந்தரி அம்மாள்!

செயலாளராகிய நான் என்ன செய்தேன்? தலைமை ஆசிரியர் புத்தி எங்கே போகும்? அவரைப் பின்கட்டு அறையில் தள்ளினேன். தனித் தட்டு, தனி டம்ளர். செபமாலையும் கையுமாய், சோறு இறங்காமல் அந்தத் தாய் கிடந்தார்.

மகள் வீட்டுக்குப் போயிருந்த பாக்கியவதி அம்மையார் திரும்பி வந்தார். நேரே பின்கட்டுக்குப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு என்னிடம் வந்தாரே ஒரு வரத்து!

"இது தட்டுல ஒட்டாது சார்வாள், துண்டுலதான் ஒட்டும். ஒரே குவியல்ல எல்லாரும் எடுத்துத் தொடைக்கிய. நேத்து வந்த பொம்பளைய அங்கன கொண்டு அடச்சு வச்சிருக்கிய!"

அந்தப் பொதுக் குவியல் யார் போட்ட சட்டம்? நான் போட்டது! 'என்னுடையது, உன்னுடையது இங்கே கிடையாது' என்று சுவரில் எழுதிவைத்த மகானுபாவன் நான். ஆற்றில் குளித்துவிட்டு வந்து, பெருமைக்காக நானும் அதில்தான் துண்டு எடுப்பேன்.

அம்மையார் குரலைத் தாழ்த்தினார். "நீங்க எத்தன நாளா சொறியுதிய?"

ஆவணியிலிருந்து, ஐயா! வெட்கத்தால் ஒருவரிடமும் காட்டவில்லை.

 மறுநாளே அம்மையார் துண்டுக்குத் துண்டு வேறு வேறு நிற நூல் தைத்தார். கொதிநீரில் முக்கினார். உடம்பின் மடிப்பெல்லாம் ஈரம் போக ஒற்றி, பத்தொன்பது பேருக்கும் தம் கையாலேயே களிம்பு போட்டார். எனக்கும் போட்டார், கதவைச் சாத்திக்கொண்டு. அருவருப்பு என்ற சொல்லே அந்த முகத்துக்குத் தெரியாது. தை பிறக்குமுன் எல்லாருக்கும் உடம்பு தேறியது. ஞானசௌந்தரி அம்மாளும் கூடத்துக்குத் திரும்பினார். ஆனால் 'அந்தம்மா கொண்டுவந்த சீக்கு' என்ற பேச்சு மட்டும் இன்றுவரை நின்றபாடில்லை.

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும் சார்வாள்" என்றார் அம்மையார். பையச் சொல்லுவோம், பையச் சொல்லுவோம் என்றே ஐந்து ஆண்டு ஓட்டினேன். போன மாதம் படுக்கையில் கிடந்தவர் கேட்டார்: "சொல்லியாச்சா?" ஆச்சு என்றேன். பொய்! அவர் நம்பிச் சிரித்தார். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி அமர்வது மரபு. வெந்நீரும் களிம்பும் நாளையும் நிற்காது. என் உயிர் உள்ளவரை அதை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் முதல் பணி ஒன்று கிடக்கிறது. சபையோரே, கேளுங்கள். இந்த வீட்டுக்கு அந்த நோயைக் கொண்டுவந்தவன் செயலாளர் பாபநாசம். நான்தான்.

ஞானசௌந்தரி அம்மா, எழுந்திருக்காதீங்க, அங்கனயே இருங்க. அண்ணாச்சி, இந்த மைக்கைக் கொஞ்சம் பிடியுங்கள். நான் கீழே இறங்க வேண்டும்.