தொடாப்புஞ்சை

ரொம்பக் காலத்துக்கு முன்னால, கரண்டும் இல்ல, டவுன் பஸ்சும் இல்லாத காலத்துல, கருங்கொல்லைன்னு ஒரு ஊராம். அந்த ஊர்ல செகப்பின்னு ஒருத்தி, அவ புருசன் சோணை. கல்யாணமாகி ரெண்டு வருசம் ஆகியும் ஒரே தட்டுல கைவச்சுத் தின்பாகளாம், அப்படி ஒரு சோடி. பல்லைக் காட்டாமக் கேளுங்கப்பா, சந்தோசமெல்லாம் இத்தோட சரி.

ஐப்பசி மாசம். மலையாண்டி அம்பலம் புஞ்சையில ஊர்ச்சனத்தோட இவுக ரெண்டு பேரும் களை எடுக்குறாக. அம்பலம்னா ஊர்ப் பெரியதனம், அவரு சொன்னா சொன்னதுதான். மேக்க கருகருன்னு கட்டிக்கிட்டு வருது. "அய்யா, கரையேறிக்கிறோம்"னு ஆளுக கேட்டா, "மழை விழுகட்டும், அப்பறம் பாக்கலாம்"னுட்டாரு. சோணை வரப்புல நிமிந்தான். படார்னு ஒரு இடி! மம்பட்டி ஒரு பக்கம், சோணை ஒரு பக்கம்.

"அய்யோ, என் ராசா!"ன்னு ஓடுறா செகப்பி.

"பிடிங்கடி அவளை!"ன்னு கத்துறாரு அம்பலம். "இடி விழுந்த உடம்புக்குள்ள மின்னல் குடியிருக்கும். தொட்டவளும் சாவா, ஊரும் வேகும். பொழுது சாயட்டும், தானா இறங்கிரும்."

அந்த ஊர் அப்படித்தான் நம்புச்சாம். நாலு பொம்பளைக அவ மேல விழுந்து அமுக்கிட்டாளுக. பத்தடித் தூரத்துல கிடக்கான் புருசன். மழை அவன் வாய்க்குள்ள விழுகுது. காலு வெட்டி வெட்டி இழுக்குது.

"பாருங்கய்யா, காலு அசையுது! உசுரு இருக்குய்யா! விடுங்கய்யா!"

"அது மின்னல் இறங்குற துடிப்புடி. கம்முனு கிட."

கத்துனாளாம், கடிச்சாளாம், மண்ணை வாரித் தூத்துனாளாம். விடலையே, பாவிக! கொஞ்ச நேரத்துல அந்தக் காலும் நின்னுபோச்சு. பொழுது சாஞ்சதும் சாக்குல உருட்டிக் கொண்டுபோய்ப் புதைச்சாக. முகத்தைக்கூடக் காட்டலையாம்.

அதுக்கப்புறம் செகப்பி சோறு தண்ணி பாக்காம, எப்படா சாவோம்னு கிடந்தாளாம்.

மறு வருசம், அதே ஐப்பசி. அம்பலத்தோட ஒத்த மக ராக்கு, ஊருணிக்கரையில ஆட்டைப் பத்திக்கிட்டு வந்தவ, இடி வாங்கி விழுந்துட்டா. ஊரே கூடிருச்சு. ஒருத்தரும் கிட்டப் போகலை. அம்பலம் நெஞ்சுல நெஞ்சுல அடிச்சுக்கிறாரு. பெத்த மகதான், ஆனா அவரு காலும் நகர மாட்டேங்குது. அம்புட்டுப் பயம்.

கூட்டத்தைப் பிச்சுக்கிட்டு வந்தா செகப்பி. பிள்ளையக் காப்பாத்த வந்தான்னு நினைச்சிராதீங்க. சாக வந்தா. "தொட்டாச் சாவுதானே? நான் சாகுறேன்"னு தடால்னு அந்தப் பிள்ளை மேல விழுந்தா. "வா, என்னையும் கொண்டுக்கிட்டுப் போ"ன்னு அந்த நெஞ்சுலயே குத்துறா, குத்துறா. ஒண்ணும் ஆகலை. ஆத்திரம் தீராம இன்னும் குத்துறா. கொக்குன்னு ஒரு இருமல். ராக்கு மூச்சு விட்டுட்டா!

ஊரு குலவை போடுது. செகப்பி தன் கையைப் பாக்குறா. திருப்பித் திருப்பிப் பாக்குறா. ஒரு கொப்புளம்கூட இல்ல.

"அப்ப, அன்னைக்கு நான் தொட்டிருக்கலாமேடா!"ன்னு வீறிட்டாளாம். குலவை அப்படியே அடங்கிப்போச்சாம்.

அம்பலம் அவ காலுல விழுந்தாரு. "என்ன வேணும் தாயி, கேளு, தாறேன்."

"எம் புருசனைக் கேட்டாத் தருவியா?"

"அது ஒண்ணுதான் தாயி என்னால முடியாது."

"அப்ப, அவன் கிடந்து செத்த உன் புஞ்சைக்குத் தொடாப்புஞ்சைன்னு பேர் வையி. உன் வம்சம் இருக்கிற மட்டும் அந்தப் பேரை வாயால சொல்லித்தான் அங்க கஞ்சி குடிக்கணும்."

அன்னையிலருந்து எங்க கருங்கொல்லையில யாரு மேல இடி விழுந்தாலும் ஒதுங்கி நிக்கமாட்டோம். ஓடிப்போய் நெஞ்சை அமுக்குவோம், ஆஸ்பத்திரிக்குத் தூக்குவோம். அம்பலம் வீட்டு ஆளு நின்னா, அவன்தான் முதக் கை வைக்கணும். போன மாசம் நர்ஸம்மா வந்து, "இடி விழுந்தவங்க உடம்புல கரண்ட் இருக்காது, பயப்படாமத் தொடுங்க"ன்னு கூட்டம் போட்டுச் சொன்னாக. நல்ல பிள்ளை. இந்த ஊரு எதைக் குடுத்து அதைப் படிச்சுச்சுன்னு அதுக்குத் தெரியாது.

கூட்டம் முடிஞ்சு, "தாத்தா, அந்தா தெரியுதே, அந்தப் புஞ்சை யாருது?"ன்னு என்கிட்டத்தான் கேட்டுச்சு. எங்களுதுதான் தாயி, தொடாப்புஞ்சைன்னேன்.