மூன்றாவது பாட்டின் உச்சி

— இன்னும் எத்தனை தடவைதான் அந்த வீடியோவைப் பார்ப்பே? போனைக் கீழ வை அண்ணா. நீ திட்டினது உனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

— ஏழு லட்சம் பேர் பார்த்திருக்காங்க, வாலு! நம்ம புது ஆல்பத்தை ஏழாயிரம் பேர்கூடக் கேக்கல.

— அதைத்தான் நானும் சொல்றேன். நீ பாடினா வராத கூட்டம், அடுத்தவர் பாட்டைத் திட்டினா வருது. இதுல பெருமை வேறயா?

— நான் உள்ளதைச் சொன்னேன். நெட்டையோட 'ஈரச் சுவர்' ஆல்பம் பெரிய கிளாசிக்காம். வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சாம், ஆளாளுக்குத் தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க. முதல் பாட்டுல கிட்டார் கொசு மாதிரி கத்துது. ரெண்டாவது பாட்டை லிஃப்ட்டுக்குள்ள போடலாம். மூணாவது இருக்கே, 'ஏணி'…

— அதுல உச்சி ஸ்வரம் குரலுக்கு எட்டல, பூனை வாலை மிதிச்ச மாதிரி இருக்கு. ஐயா சாமி, எனக்குத் தெரியும்! பேட்டியில உன் பக்கத்துலதானே உக்கார்ந்திருந்தேன். பேருக்குத்தான் நான் இந்த பேண்டுக்கு டிரம்மர். அன்னைக்கு முழுக்க உன் காலை மிதிக்கறதுதான் என் வேலையா இருந்துச்சு.

— ஓ, அது நீயா? மேஜைக் கால்னு நினைச்சேன்.

— அம்மா காலையில போன் பண்ணா. உன் மேல செம கோவத்துல இருக்கா.

— அம்மாவுக்கு ராக் மியூசிக்கைப் பத்தி என்ன தெரியும்?

— உன்னைப் பெத்துட்டுத் தெரியாம இருக்க முடியுமா? "நெட்டை நம்ம வீட்ல, உங்க அண்ணன் தட்டுலயே கை போட்டுத் தின்ன பிள்ளை. அவனைப் போய் ஊரறிய இப்படிப் பேசலாமா?"ன்னு கேக்கறா. இன்னொன்னும் சொல்றேன், திட்டாத. அம்மா போன்ல ரிங்டோனே 'ஏணி'தான்.

— என்னது! பெத்த பிள்ளை நான் பதினோரு ஆல்பம் போட்டிருக்கேன், அதுல ஒரு பாட்டு கிடைக்கலையா அவளுக்கு?

— உன் பாட்டைத்தான் முதல்ல வெச்சிருந்தா. போன் அடிக்குதா, மிக்ஸி ஓடுதான்னு தெரியாம வந்த போனை எல்லாம் எடுக்காம விட்டுட்டாளாம்.

— சிரி, நல்லா சிரி. ஒரே தட்டுல தின்னவன்தானே என்னை ஓரங்கட்டினான்? அதை அம்மாகிட்ட சொன்னியா?

— ஆரம்பிச்சுட்டியா? இந்தக் கதையை நான் எத்தனை தடவை கேக்கறது! அப்ப நீங்க ரெண்டு பேரும் ஒரே பேண்டு. நீ பாடறவன், ஊரே உன்னை 'இடி'ன்னு கூப்பிடும்; அவர் பாட்டுப் போடறவர்.

— அதுதானே பேச்சு! அவன் போடுவான், நான் பாடுவேன். அப்படித்தானே ஆரம்பிச்சோம்? ஒரு நாள் ரிகர்சலுக்குக் கொஞ்சம் சீக்கிரமாப் போறேன், கதவைத் திறக்கறேன், உள்ள இவன் என் மைக்கைப் பிடிச்சுக்கிட்டுப் புதுப் பாட்டைப் பாடிட்டிருக்கான். எனக்கு அந்தப் பாட்டு இருக்கறதே தெரியாது. என்னைப் பார்த்ததும் டக்குனு நிறுத்தறான். மூஞ்சியைப் பார்க்கணுமே, பிடிபட்ட திருடன் மாதிரி!

— ஏன் பாடறேன்னு நீ ஒரு வார்த்தை கேட்டியா?

— கேக்கறதுக்கு என்ன இருக்கு? கண்ணால பார்த்தேனே. கதவை அறைஞ்சு சாத்திட்டு வந்துட்டேன். அடுத்தாப்ல 'ஈரச் சுவர்' வருது, அத்தனை பாட்டும் அவன் குரல்! நான் நினைச்சது சரியா தப்பா?

— நீயும் கேக்கல, அவரும் சொல்லல. ரெண்டு பேருக்கும் மூக்கு மேல ரோஷம். நீ அந்த வாரமே பத்திரிகையில "குரலே இல்லாதவன்"னு சொன்னே, அதோட அவர் வாயும் அடைஞ்சு போச்சு. எனக்கு மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் அடி. அவர் என்னை ஒரு நாளும் வேத்து ஆளா நினைச்சதே இல்ல, தெரியுமா? சரி, அந்த டிரம் சாவியை எடுத்துக் குடு. சாயங்காலத்துக்குள்ள இந்தத் தோலை மாத்தணும்.

— இந்தா. மேல ஜிம்ல மறுபடி வெயிட்டைத் தொப்புனு போடறானுங்க பாரு. கூரையே இறங்கிடும் போல.

— அது ஜிம் இல்ல அண்ணா. யாரோ கதவைத் தட்டறாங்க.

— நம்ம ரிகர்சல் ரூம் கதவைத் தட்டறதா? உதைச்சாத்தானே அது திறக்கும்? கூரியர்காரன்கூட உதைச்சுத்தானே வருவான். போய்ப் பாரு.

— பார்க்கறேன், கத்தாதே… அண்ணா. அண்ணா! நெட்டையண்ணா வந்திருக்கார்.

— உள்ள வரலாமா?

— யாரு? நெட்டையா? வாங்க சார், வாங்க! சண்டைக்குத்தானே? கேமராக்காரங்க எங்க, வெளியில நிக்கறாங்களா?

— தனியாத்தான் வந்தேன்.

— என்னது? காதுல விழல.

— தனியா வந்தேன்.

— கொஞ்சம் சத்தமா பேசுப்பா! உனக்கு எப்பவுமே இதே பிரச்சனைதான், பேசினாலும் காத்துதான் வருது, பாடினாலும் காத்துதான் வருது.

— அண்ணா, வந்தவரை முதல்ல உக்காரச் சொல்லு. அந்த நாற்காலி வேணாம் நெட்டையண்ணா, ஒரு கால் ஆடும். அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?

— குடுமா. வெதுவெதுன்னு இருந்தா நல்லது… சுவத்துல அதே கார்ப்பெட்டா இடி? சத்தம் வெளியில போகாம இருக்க நம்ம ரெண்டு பேரும் ஆணி அடிச்சது?

— பேச்சை மாத்தாத. வீடியோ பார்த்துட்டுத்தானே வந்தே?

— பார்த்தேன். நாலு தடவை.

— கோவம் வந்துச்சா? நீ மட்டும் யோக்கியனா? எங்க முதல் ஆல்பம் வந்தப்போ ரேடியோவுல உக்கார்ந்து என்ன சொன்னே? "தகர டப்பாவை மாடிப்படியில உருட்டி விட்ட மாதிரி இருக்கு." சொன்னியா இல்லையா?

— சொன்னேன்.

— அந்தத் தகர டப்பா நான்தான் நெட்டையண்ணா. அது என் டிரம்ஸ்.

— உன்னைச் சொல்லலமா. டப்பா தாளம் தப்பாமத்தான் உருண்டுச்சு.

— பார்த்தியா அண்ணா, திட்டும்போதும் எவ்வளவு மரியாதை! உனக்கு இதெல்லாம் வருமா?

— வாலு, நீ யார் பக்கம்? டேய் நெட்டை, நான் சொன்னதுல எது தப்புன்னு சொல்லு. ஒன்னே ஒன்னு காட்டு, நாளைக்கே மன்னிப்புக் கேக்கறேன்.

— ஒன்னும் தப்பில்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

— ஆங்?

— அஞ்சாவது பாட்டு. ரெண்டாவது சரணம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் மூச்சு இழுக்கறது கேக்குதுன்னு சொன்னே.

— கேக்குதே! ஆஸ்துமா பேஷன்ட் மாதிரி!

— கேக்கும். கண்ணை மூடி, காதைத் தீட்டி, திரும்பத் திரும்பக் கேட்டா கேக்கும். எங்க பேண்டுலயே அது ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா அதே வீடியோவுல இன்னொன்னும் சொல்றே. "இந்த ஆல்பத்தை நான் கேட்டதே ஒரு தடவைதான், அதுக்கு மேல தாங்கல"ன்னு.

— ஐயோ, மாட்டிக்கிட்டே! மாட்டிக்கிட்டே அண்ணா! நெட்டையண்ணா, நான் சொல்றேன் கேளுங்க. கார்ல தனியாப் போனா இவர் கேக்கறது அது ஒன்னுதான். நான் ஏறினா டக்குனு நிறுத்திடுவார், நியூஸ் கேட்டுட்டிருந்தேன்னு சொல்வார். மூஞ்சியைப் பார்க்கணுமே, பிடிபட்ட திருடன் மாதிரி!

— வாயை மூடு! எதிரி என்ன பண்றான்னு தெரிஞ்சு வெச்சுக்க வேணாமா? அதுக்காகக் கேட்டேன். சரிடா, வந்த விஷயத்தைச் சொல்லு.

— அடுத்த வாரம் கச்சேரி. 'ஈரச் சுவர்' முழுசா, முதல் பாட்டுலேர்ந்து கடைசி வரைக்கும்.

— தெரியாம என்ன? ஊர்ல ஒரு சுவர் பாக்கி இல்லாம உன் மூஞ்சியை ஒட்டி வெச்சிருக்காங்க. அதைப் பார்த்த எரிச்சல்லதான் பேட்டியே குடுத்தேன்.

— என்னால பாட முடியாது.

— ஏன், நான் சொன்னதுல பயந்துட்டியா?

— தொண்டையில கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. பயப்படற மாதிரி ஒன்னுமில்லையாம். ஆனா பேசறதையே அளந்து பேசுன்னுட்டார் டாக்டர். பாட்டு இனிமே பழைய மாதிரி வராதாம்.

— ஐயோ, நெட்டையண்ணா… எப்போ? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க.

— வீட்டுக்கும் பேண்டு ஆளுங்களுக்கும் மட்டும்தான் தெரியும்மா.

— அண்ணா, கேட்டியா? ஏதாவது சொல்லு.

— என்னத்தைச் சொல்றது? டேய், நான் இப்பதானேடா சத்தமா பேசுன்னு… காத்துதான் வருதுன்னு… பூனைன்னு வேற சொல்லித் தொலைச்சேனே! ஏழு லட்சம் பேர் சிரிச்சிருக்கானுங்களே! எனக்குத் தெரிஞ்சா வாயைத் திறந்திருப்பேனா? சத்தியமா சொல்றேன், நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

— பிடுங்காத. அது எனக்கு வேணும்.

— விளையாடாதடா. எனக்கு அழுகையா வருது.

— இடி, கேளு. வீட்ல எல்லாரும் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பார்த்துக்கறாங்க. வர்றவன் போறவன் எல்லாம் மெதுவாப் பேசறான். உன் வீடியோ வந்துச்சு. நீ ஒருத்தன்தான் நான் இன்னும் பாடிட்டிருக்கற மாதிரி என்கூட சண்டை போட்டே. அன்னைக்குத்தான் எழுந்து சவரம் பண்ணேன்.

— நல்லா இருக்குடா நியாயம். திட்டு வாங்கி உடம்பு தேறினவன் நீதான்.

— நீ பாடணும்.

— என்ன?

— அடுத்த வாரம். மேடையில. எனக்குப் பதிலா.

— உனக்கு ஆபரேஷன் தொண்டையிலதானே பண்ணாங்க? தலையில ஒன்னும் பண்ணலையே?

— புதுப் பசங்களைப் பாட வெச்சுப் பார்த்தோம். சுத்தமாப் பாடறாங்க. பாட்டு கழுவிக் கவுத்து வெச்ச தட்டு மாதிரி ஆயிடுது. ஒரு ஓட்டை விடாம அந்த ஆல்பத்தைத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்.

— எந்த முகத்தை வெச்சுக்கிட்டுடா நான் அந்த மேடை ஏறுவேன்?

— இதே முகத்தை வெச்சுக்கிட்டுத்தான் அண்ணா. தாடியை மட்டும் கொஞ்சம் வெட்டிக்கோ.

— வாலு, சும்மா இரு! ஊரே சிரிக்குமேடா. "லிஃப்ட்ல போடற பாட்டு"ன்னு சொல்லிட்டு அதே பாட்டுக்கு நான் போய் நின்னா?

— சிரிக்கட்டுமே அண்ணா. டிக்கெட் வாங்கிட்டு வந்து சிரிக்கட்டும்.

— நான் மாட்டேன்னு சொன்னா?

— ரத்து பண்ணிடுவோம். அதோட பேண்டும் முடிஞ்சுது. எங்க கீபோர்டுக்காரன் மச்சானோட கடையில உக்காரப் போறான். மத்தவங்களும் வேற வேலை பார்த்துட்டாங்க. அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. ஆனா அந்தப் பாட்டெல்லாம் ஒரு தடவை, முழுத் தொண்டையில, ஆளுங்க முன்னாடி கேட்டுட்டா போதும் எனக்கு. அப்புறம் பாட்டுப் போட்டுட்டு உக்கார்ந்துப்பேன். கைக்கு ஒன்னும் ஆகலையே.

— டேய்…

— கெஞ்ச வைக்காத இடி. எனக்குப் பேச்சுக்கே கணக்கு.

— கெஞ்சாத! நீ கெஞ்சறதை என்னால பார்க்க முடியல. பாடறேன். பாடித் தொலைக்கறேன்! ஆனா ஒரு கண்டிஷன். 'ஏணி' மட்டும் வேணாம்.

— அது இல்லாம எப்படி அண்ணா? அம்மா முதல் வரிசையில வந்து உக்காருவா.

— உனக்குப் புரியாது. இருபத்தஞ்சு வயசுல அவனுக்கே எட்டலை. எனக்கு அம்பது ஆகப் போகுது. உச்சி எட்டலன்னு ஊரெல்லாம் சொன்னவன், அதே இடத்துல போய் வழுக்கி விழுந்தா? அப்புறம் நான் வெளியில தலை காட்ட முடியுமா?

— ஒரு தடவை பாடிப் பாரு. இங்க யார் இருக்கா? வாலு, தாளம் குடுமா. சின்னதா.

— தோல் இன்னும் முழுசா இறுக்கல. பரவாயில்ல, விளிம்புல தட்டறேன். ஒன்னு, ரெண்டு…

— இரு, இரு! வரி ஞாபகம் வரட்டும்.

— வரி மறந்துடுச்சுன்னு மட்டும் சொல்லாத அண்ணா, உன் காரே சிரிக்கும். ஒன்னு, ரெண்டு, மூணு…

— "கீழ நான் நிக்கறேன், கை நடுங்காம நிக்கறேன், ஏணியை நான் பிடிச்சிருக்கேன், ஏறிப் போ… ஏறிப் போ… ஏறிப் போ!"

— அண்ணா.

— என்ன? உடைஞ்சு போச்சா? நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

— எட்டிருச்சு அண்ணா! மேல ஜிம்ல சத்தமே நின்னு போச்சு, கேட்டியா?

— அதான்டா எனக்குப் புரியல. எக்கக்கூட இல்ல, அது பாட்டுக்கு வந்து உக்காருது. நெட்டை, நீ ஏன்டா அழறே? தொண்டைக்கு ஆகாதுடா. முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. உன் குரல் எவ்வளவு தூரம் போகும்னு உனக்குத் தெரியாதா? சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் போட்டிருந்தா நானே திட்டியிருக்க மாட்டேனே?

— இறக்கச் சொல்லி எல்லாரும் சொன்னாங்க. எனக்கு மனசு வரல.

— அதான் ஏன்னு கேக்கறேன். உனக்கு எட்டாத உச்சி எனக்கு மட்டும் எப்படிடா இவ்வளவு சுலபமா எட்டுது?

— அன்னைக்கு நீ வந்து கதவைத் திறந்தப்போ, உனக்குப் பாடிக் காட்டத்தான்டா அதைத் தட்டுத் தடுமாறிப் பழகிட்டிருந்தேன்; உன் குரலுக்குன்னே போட்ட பாட்டு, உனக்கு எட்டாம வேற யாருக்குடா எட்டும்?