படத்தில் கேட்காத திட்டு

கிள்ளானில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கோலாலம்பூரில் ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறினேன். எதிர்ப்பலகையில் ரோடு போடும் வேலைக்காரர்கள் இருவர். பெரிய மீசை வைத்திருந்தவர் சொன்னார்:

"படத்துல சத்தம் வராதுலா. வந்திருந்தா, நான் தொரையத் திட்டினது எல்லாருக்கும் கேட்டிருக்கும்."

பிரிக்பீல்ட்ஸ் தெருவை யாரோ வெள்ளைக்காரர் ஊமை சினிமாவாகப் படம் பிடித்து, முந்தின நாள் கூடாரத்தில் காட்டியிருக்கிறார். அதில் மீசைக்காரரும் அவருடைய துரையும் வந்திருக்கிறார்கள்.

"முண்டாசக் கக்கத்துல வச்சுக்கிட்டா திட்டினே, மச்சான்?" என்றார் பக்கத்தில் இருந்த ஒல்லி ஆள்.

"வேர்த்துச்சு."

"முதுகு ஏன் வளைஞ்சிருந்துச்சு?"

"தொரை குள்ளம். குனிஞ்சாத்தான் அவன் காதுல விழும்."

"அவன் உன்னவிட ஒரு முழம் ஒசரம்."

"படத்துல அப்படித்தான் தெரியும். என் வாய் அசைஞ்சுச்சா இல்லையா?"

"அசைஞ்சுச்சு. 'சரிங்க தொரை'ன்னாலும் அப்படித்தான் அசையும்."

பெட்டியில் சிலர் சிரித்தார்கள். ஒல்லி ஆள் சிரிக்கவில்லை.

"கால்ல கல்லு விழுந்து படுத்த என் தம்பி பேரை வேலைப் பட்டியல்லேருந்து அடிச்சுட்டாங்க. தொரையத் திட்டினவன்னு நம்பித்தானே, அவன மறுபடி சேர்க்கச் சொல்லிக் கேக்க உன்ன அனுப்புறோம்? நாளைக்கு நாங்க எல்லாரும் ஆபீஸ் வாசல்லயே நிப்போம்."

மீசைக்காரர் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்தபடி சொன்னார்:

"வாசல்ல வேணாம் மச்சான். ரோட்டுக்கு அந்தப் பக்கமா நில்லுங்க. அங்கேருந்து பாத்தாப் போதும்லா."