மைக்கில் நான் மாற்றிச் சொன்ன வரி

பணி ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல், நம் தீவின் இந்தப் பன்னாட்டுக் குறும்பட விழாவை நான்காவது ஆண்டாகத் தோளில் சுமந்து நிற்கும் தலைவர் பொன்னுத்துரை ஐயா அவர்களே, கை கழுவியும் மீன்வாடை போகாமல் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்களே, சிப்பிகாட்டிலிருந்து கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் வந்திருக்கும் பெரியோர்களே, வங்காளம் பேசும் மாமிகளே, தெலுங்கு பேசும் அண்ணன்மாரே, ராஞ்சிக்காரச் சகோதரர்களே, படம் எடுத்தவர்களே, படம் பார்த்தவர்களே, படத்தைப் பார்க்காமல் பின்வரிசையில் பஜ்ஜி தின்றவர்களே, உங்கள் அனைவருக்கும் செபஸ்தியான் மகள் சோபியாவின் வணக்கம்.

அலமு அக்கா, மைக்கை வாய்க்குக் கிட்டே வைக்கச் சொல்லிக் கை காட்டுகிறீர்கள். வைக்கிறேன்.

மூன்று நாளாக என் குரலைக் கேட்டீர்கள். என் முகத்தை இன்றுதான் பார்க்கிறீர்கள். திரைக்கு இடப்பக்கம், கறுப்புத் துணிக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். தமிழ்ப் படம் ஓடினால் இந்தியில் சொல்வேன். இந்திப் படம் ஓடினால் தமிழில் சொல்வேன். வெளிநாட்டுப் படங்களுக்கு ஐயா எழுதித் தந்ததைப் படிப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவளுக்கு இந்தி எங்கிருந்து வந்தது? மீன் சந்தையிலிருந்து வந்தது. அம்மா ரீத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சூரை மீனை விலை பேசிப் பேசி வந்தது.

இன்று நான் பேசுவதை கோகுல் அண்ணன் இந்தியில் சொல்கிறார். அண்ணே, எதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். இதை உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

இந்த விழா நமக்கு என்ன செய்தது? முதல் நாள் ஒரு பனி நாட்டுப் படம் போட்டார்களே, நினைவிருக்கிறதா? ஒரு பெரியவர் உறைந்த ஏரியில் துளை போட்டு, நாள் முழுக்கக் காத்திருந்து, கடைசியில் விரல் நீளத்தில் ஒரு மீன் பிடிக்கிறார். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? "அரே தாதா, இத்னா சோட்டா மச்சி!" இவ்வளவு சின்ன மீனா என்று ஒரு வங்காளத்து மாமா கத்தினார். "தூண்டில் முடிச்சே சரியில்லயே, நம்ம ஊருக்கு வரச் சொல்லுங்க" என்றார் என் அப்பா. தோள் விலகி, வலை இழுக்க முடியாமல் மூன்று ஆண்டாக வீட்டில் கிடப்பவர் அன்றைக்குச் சிரித்தார். அந்த மாமாவும் சிரித்தார். ஒரே தெருவில் ஆறு ஆண்டாகப் பேசிக்கொள்ளாத இருவர், எங்கோ இருக்கிற கிழவருக்குத் தூண்டில் கட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டே வீடு திரும்பினார்கள். இதை எந்த அலுவலகம் செய்யும்? எந்தக் கூட்டம் செய்யும்? எந்தக் கட்டளை செய்யும்? ஒரு வெள்ளைத்துணி செய்தது!

கை தட்டாதீர்கள். கைதட்டலுக்கு உரியவள் நான் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

டயானாவை எல்லோருக்கும் தெரியும். அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். எட்டாம் வகுப்பு வரை நாங்கள் ஒரே பெஞ்சு. நான் சந்தைக்குப் போனேன். அவள் கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் படிக்கப் போனாள். திரும்பி வந்து கப்பலிலிருந்து இறங்கியபோது அவள் கழுத்தில் கேமரா தொங்கியது. என் கையில் செதில் ஒட்டியிருந்தது. "ஏ சோபி" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவள் சட்டையில் என் செதில் ஒட்டிக்கொண்டது, அதை அவள் தட்டிவிடக்கூட இல்லை. அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. அவள் ஆங்கிலத்தின் மேல் பொறாமை. அவளை "டைரக்டரம்மா" என்று கூப்பிடும் வாய்களின் மேல் பொறாமை. பகலில் பொறாமை, படுக்கையில் பொறாமை, பூசை நேரத்தில்கூடப் பொறாமை.

அவள் எடுத்த படம் ஒன்பது நிமிடம். ஒரு மீன்காரப் பெண்ணுக்கு போன் வருகிறது. தூத்துக்குடியில் அவளைப் பெற்றவள் இறந்துவிட்டாள். கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கிறாள். வெயில், தள்ளுமுள்ளு, சண்டை. நம்மில் யார் அந்த வரிசையில் நிற்கவில்லை? நிற்கும்போதே இன்னொரு போன் வருகிறது. அதன்பிறகும் அவள் வரிசையை விட்டுப் போகவில்லை. ஜன்னலை எட்டியதும் சொல்கிறாள்: "டிக்கெட் வேண்டாம் சார். பொதச்சிட்டாங்களாம்."

அந்தப் பெண்ணாக நடித்தது என் அம்மா. நடித்தது என்று எப்படிச் சொல்வேன்? மூன்று ஆண்டுக்கு முன் அது அம்மாவுக்கே நடந்தது. விமானத்தை எங்கள் வீடு அண்ணாந்து பார்த்ததோடு சரி. அன்று மாலை அம்மா வெறுங்கையோடு வந்தார். "டிக்கெட் கெடைக்கல" என்று மட்டும் சொன்னார். ஜன்னலில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. டயானாவுக்குத் தெரிந்திருக்கிறது!

"அவகிட்ட மட்டும் ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அவ கேட்டாளா, சொன்னேன். நீ என்னைக்காவது கேட்டியாளா?" என்றார் அம்மா, மீனைப் புரட்டிப் போட்டபடி.

இங்கே இருக்கும் பெண்பிள்ளைகளே, உங்கள் அம்மா அழ வேண்டியதை இன்னொருத்தியின் முன்னால் அழுதிருக்கிறார் என்று தெரிந்தால் உங்கள் நெஞ்சு என்ன சொல்லும்? கேமராவைக் கொண்டு போகட்டும், புகழைக் கொண்டு போகட்டும். என் அம்மாவையுமா?

முந்தாநாள் அந்தப் படம் ஓடியது. நான் துணிக்குப் பின்னால் இருந்தேன். மைக் பேசும்போது படத்தின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா ஜன்னலை எட்டினார். நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "டிக்கெட் நை மாங்தா சாப். மிட்டி ஹோ கயா." மண்ணுக்குள் வைத்தாயிற்று என்று இந்தத் தீவில் எல்லோருக்கும் புரியும். நான் சொன்னது வேறு. "டிக்கெட் நை மாங்தா சாப். கல் ஆயேகா." நாளைக்கு வருகிறேன் என்று சொன்னேன்.

நாள் முழுக்க நின்றவள் ஜன்னலுக்கு வந்து நாளைக்கு வருகிறேன் என்றால் யார் சிரிக்க மாட்டார்கள்? நீங்கள் சிரித்தீர்கள். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருந்தார்.

கோகுல் அண்ணன் நிறுத்திவிட்டார். சொல்லுங்கள் அண்ணே. நாக்குப் பிசகவில்லை. தெரிந்தேதான் சொன்னேன்.

படம் முடிந்ததும் டயானா துணியை விலக்கிக்கொண்டு வந்தாள். இந்தி அவளுக்கும் தெரியும். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "தொண்ட கட்டிருக்கும், குடி" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அந்த நல்ல குணத்தின் மேலும் பொறாமைப்பட்டேன். அப்படிப்பட்டவள் நான்.

ஆனால் இன்று காலை சந்தையில் அம்மா சொன்னதைத் தாங்க முடியவில்லை. "வெசனப்படாதளா. அந்த எடத்துல ஒனக்கு ஆச்சி நெனப்பு வந்துருக்கும். அதான் வாய் கொளறிட்டு" என்றார். என் வஞ்சத்தைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டு என் முதுகைத் தடவினார். அந்தக் கை பட்ட இடம் இன்னும் எரிகிறது.

பார்வையாளர் பரிசை நீங்கள்தான் தருகிறீர்கள். நுழைவுச் சீட்டைக் கிழித்து, பிடித்த படத்தின் பெட்டியில் போடுகிறீர்கள். வென்ற படம் கப்பலேறி தென்கோடியில் இருக்கும் கேம்பல் பே வரைக்கும் போகிறது. அங்கே இருப்பவர்கள் நம்மைவிடத் தொலைவில் இருப்பவர்கள். சாவுக்குப் போக முடியாதவர்கள் அங்கே எத்தனை பேர்? இங்கே எத்தனை பேர்? வங்காளத்து மாமி, உங்கள் அண்ணன் இறந்தபோது நீங்கள் போனீர்களா? முத்துராஜ் மாமா, உங்கள் வீட்டுச் சாவுக்கு நீங்கள் போனீர்களா? தலை குனிகிறீர்கள். அந்த ஒரு வரியில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து அழுதிருப்பீர்கள். தமிழும் வங்காளமும் தெலுங்கும் ஒரே கண்ணீராக விழுந்திருக்கும். இந்த விழா இருப்பதே அதற்குத்தான். அந்த அழுகையை உங்களிடமிருந்து நான் பறித்துக்கொண்டேன். ஆச்சியின் சாவுச் செய்தியைக் கேட்டு ஊரைச் சிரிக்க வைத்தேன்.

தலைவர் ஐயா, என்னை நன்றி சொல்லத்தான் மேடைக்கு அழைத்தீர்கள். ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். பெட்டிகளில் இருக்கும் சீட்டுகளைக் கொட்டிவிடுங்கள். அந்த ஒன்பது நிமிடத்தை இன்னொரு முறை போடுங்கள். அதன்பிறகு இவர்கள் சீட்டுப் போடட்டும். போட்டியில் இருக்கும் அந்த ஆட்டுக்குட்டிப் படமே வென்றாலும் வெல்லட்டும். ஆனால் நேர்மையாக வெல்லட்டும்.

யாரோ கேட்கிறார்கள், "இப்ப பொறாமை போயிட்டா?" என்று. போகவில்லை. டயானா, உன்னைப் பார்த்தால் இப்போதும் எரிகிறது. நீ கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். இன்று வீட்டுக்குப் போய்க் கேட்பேன்.

ஐயா தலையசைக்கிறார். நன்றி ஐயா. மைக் யார் பிடிப்பது என்று கேட்கிறார். நான் பிடிக்க மாட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை. கோகுல் அண்ணன்...

அம்மா எழுந்துவிட்டார். வாசல் பக்கம் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, இந்தப் பக்கம் வருகிறார். வழி விடுங்கள். படியில் பார்த்து ஏறுங்கள் அம்மா.

"தள்ளுளா. என் பேச்ச நானே சொல்லுதேன்" என்கிறார்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், இனிமேல் சிரிக்கப்போகாத தாய்மார்களுக்கும், ஒன்றையும் விடாமல் சொன்ன கோகுல் அண்ணனுக்கும் நன்றி. மைக்கை உரியவரிடம் கொடுத்துவிட்டு இறங்குகிறேன். விளக்கை அணைத்துவிடுங்கள். எல்லோருக்கும் வணக்கம்.