பேண்ட் சட்டையில் வரச் சொன்னார்கள்

"ஊர்வலத்துக்குப் புடவையாம், மீட்டிங்குக்குப் பேண்ட் சட்டையாம். கேட்டியாக்கா கதையை?"

தாம்பரத்தில் கிளம்பிய பீச் ரயிலில், பெண்கள் பெட்டியில், எனக்கு எதிரே இரண்டு திருநங்கைகள். பேசியவர் இளையவர். பச்சைப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம்.

"யாருடி அப்படிச் சொன்னது?" என்றார் மூத்தவர்.

"வானவில் கொடி புடிச்சி ஊர்வலம் நடத்துற, ஆம்பளைய லவ் பண்ற அந்த 'கே' பசங்கதான். அஸ்தினாபுரத்துல ஒரு ஃப்ளாட்ல மீட்டிங், வாங்கக்கான்னு அதுல ஒருத்தன் போன் பண்ணான். அஞ்சு நிமிஷத்துல மறுபடியும் பண்றான். ஹவுஸ் ஓனர் கீழ் வூட்லயே கீறாராம். பார்த்தா பிராப்ளமாம். அதனால சிம்பிளா பேண்ட் சட்டையில வரணுமாம்."

"ஊர்வலத்துல உன்னை முன்னால நிறுத்தி, ஆடவுட்டு போட்டோ புடிச்சானே, அவனா?"

"அவனேதான். போஸ்டர்ல என் மூஞ்சிதான் பெருசா கீது. அவன் மூஞ்சியை மட்டும் கொடியால மறைச்சிக்கினான்."

குரோம்பேட்டையில் கூட்டம் ஏறியது. பெட்டியில் நிற்க இடமில்லை. அவர்கள் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

"நீ இன்னா சொன்ன?"

"அந்தப் பேண்ட்டைப் போட மாட்டேன்னு சொன்னதுக்குத்தான் எங்கப்பன் என்னை வூட்டை வுட்டே தொரத்துனான். உன் டீக்கும் பிஸ்கெட்டுக்கும் அதை மாட்டிக்கினு வரணுமாடான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"'சரிக்கா, அடுத்த ஊர்வலத்துக்கு மட்டும் மறக்காம புடவையில வந்துடுங்க'ன்றான்."