தோட்டத்தைப் பாத்துட்டுப் போங்க அண்ணி

உங்களோடயே வந்துடுன்னு பெட்டியக் கட்டச் சொல்றீங்க, சரி, கட்டுறேன் அண்ணி. அதுக்கு முன்னாடி ஒரு தடவ தோட்டத்தப் பாத்துடுங்களேன். உங்க தம்பி வச்சது. செருப்பப் போட்டுக்கங்க, தரை ஈரமா இருக்கு.

இந்தப் பக்கம் வெண்டை, கத்திரி, தக்காளி. உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அதோ, நாலு பக்கமும் ரெக்க வச்ச மாதிரி தொங்குதே, அது சிறகவரை. பிஞ்சுலயே பறிச்சுடணும், விட்டா நாராயிடும். இது மூக்குத்தி அவரை. பேருதான் அவரை, இனம் வேற. இந்தத் தடிச்ச காம்பத்தான் சமைக்கிறது. அந்த முழ நீளக் காயா? தம்பட்டை அவரை. ஐயோ, பச்சையா வாயில வைக்காதீங்க! நல்லா வேகணும்.

எனக்கு எப்படித் தெரியுமா? அதக் கேளுங்க. அவரு இருந்த வரைக்கும் நான் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல. மெக்கானிக் ஷெட்டுலேந்து வந்ததும் வராததுமா மண்ணுல உக்காந்துக்குவாரு. உங்களுக்குப் பொண்டாட்டி நானா, இந்தக் கொடியான்னு கத்துவேன். அவரு பாட்டுக்கு ஒவ்வொண்ணா பேர் சொல்லிட்டே இருப்பாரு. காதுலயே வாங்கலன்னுதான் நினைச்சேன்.

அவரு போனப்புறம் எல்லாம் காஞ்சுபோச்சு. நீங்க அப்ப வந்திருந்தீங்களே, வெறும் குச்சிதானே நின்னுச்சு? மழ விட்டு ஒரு நாள் கதவத் தொறக்குறேன், வரிசை வரிசையா முளைச்சிருக்கு. ஒரு களை இல்ல. தண்ணி ஊத்தியிருக்கு. அப்புறம் பந்தலும் ஏறிடுச்சு. யாராவது வந்தாங்களான்னு பக்கத்து வீட்டுக்காரரக் கேட்டேன். ஒரு மாதிரி பாத்துட்டு உள்ள போயிட்டாரு.

பந்தல்ல கொடியக் கட்டியிருக்குற அந்த முடிச்சப் பாருங்க அண்ணி. நீலத் துணி. அவரோட ஷெட் சட்ட. பீரோவுல அடுக்கி வச்சிருந்தேன், ஒவ்வொண்ணா குறைஞ்சுட்டே வருது. உங்க தம்பிதான் வர்றாருன்னு நினைச்சேன். சத்தியமா பயமில்ல. சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

அழாதீங்க. அவரு இல்ல. நேத்து காலைல படுக்கைய உதறுறேன், தலகாணிக்கு அடியிலேந்து கத்திரிக்கோல் விழுது. பாத்தா என் நகமெல்லாம் மண்ணு. பக்கத்து வீட்டு மனுஷன் என்னத்தான் பாத்திருக்காரு, பாவம், எப்படிச் சொல்லுவாரு?

அதான் யோசிக்கிறேன். உங்க வீடு நாலாவது மாடி. இங்க தூக்கத்துல எந்திரிச்சா தோட்டத்துக்குப் போறேன். அங்க எந்திரிச்சா எங்க போவேன் அண்ணி?